எதிர்மாடி டவரின் அளவு

ஜூன் 3, செவ்வாய்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சென்னை வேலையை ஏன் விட்டாய் என்று கேட்ட எல்லோருக்கும் இத்தனை வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அப்போது அம்மா திடமாகத்தான் இருந்தாள். தினமும் பாளையங்கோட்டை மார்க்கெட் வரை நடந்து போய், கத்திரிக்காய்க்கு விலை பேசி, நடந்தே திரும்புவாள். இனி அந்தப் பொய் வேண்டாம். நடந்ததை நடந்தபடி இதில் எழுதப் போகிறேன்.

இன்று ஆறுமுகநயினார் அண்ணாச்சி வந்தார். ஓய்வுபெற்ற தாசில்தார், எங்கள் தெரு நலச்சங்கத்தின் செயலாளர். அவர் வீட்டுக்கு நேர் எதிரே எஸ்தர் சிஸ்டரின் வீடு. எஸ்தர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், தனியாக இருக்கிறார். அவர் மாடியில் ரொம்ப நாளாக ஒரு செல்போன் டவர் நிற்கிறது. போன வருடம் அதில் புதிதாக வெள்ளைப் பெட்டிகளை மாட்டினார்கள். மாட்டிக் கொஞ்ச நாளில் அண்ணாச்சியின் மருமகள் கோமதிக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. இப்போது மறுபடியும் நாலாம் மாதம். அண்ணாச்சிக்குப் பயம். சங்கத்தின் பெயரில் புகார் எழுதினார். டவர் கம்பெனி ஒரு ஆளை வைத்து அலையை அளந்து அறிக்கை அனுப்பியிருக்கிறது. நாட்டின் வரம்பில் நூறில் நாலு பங்குதான் இருக்கிறதாம்.

"இந்தத் தாள நான் நம்பல, தம்பி. நீங்க ஒருக்க அளந்து சொல்லிட்டீயன்னா அது போதும் எனக்கு. இந்தத் தடவையாவது அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது" என்றார்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கையெழுத்து: சு. வேலாயுதபெருமாள்.

அலைகளை அளக்கும் சென்னைக் கம்பெனியில் நான் களப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தபோது என்னிடம் வந்து சேர்ந்தவன். ஆன்டெனாவை எந்தப் பக்கம் பிடிப்பது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தொழில்நுட்ப மேலாளர் பதவி வந்தபோது அதை அவனுக்குக் கொடுத்தார்கள். எனக்கு நாலு பேரோடு ஒத்துப்போகும் குணம் போதாது என்று நிர்வாகி சொன்னார். சொல்லும்போது அவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் வேலாயுதம் என் மேஜைக்கு வந்து, "நானா கேக்கல சார்" என்றான். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் ராஜினாமா.

அளக்கிறேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். பயத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காகத்தான் சொன்னேன்.

ஜூன் 4, புதன்

முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். என் மனைவி செண்பகத்துக்கு ஆபீஸில் ஆடிட், தாமதமாக வந்தாள். காய் நன்றாக வேகவில்லை என்றாள். முருங்கைக்காய்தான் முற்றல்.

அறிக்கையை மறுபடியும் படித்தேன். அளந்த நேரத்தில் டவரில் எத்தனை பேர் போனில் இருந்தார்கள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. பழைய டவர் தெருவிளக்கு மாதிரி. யார் நடந்தாலும் நடக்காவிட்டாலும் எல்லாப் பக்கமும் எரியும். புதிய வெள்ளைப் பெட்டி அப்படி இல்லை. அது டார்ச் லைட். எந்தப் போன் தகவல் கேட்கிறதோ அந்தப் பக்கம் அலையைத் திருப்பி அடிக்கும். யாரும் கேட்காத நேரத்தில் போய் அளந்தால் எந்த டவரும் உத்தமன்தான். வேலாயுதம் மதியச் சோற்றுக்கு முன்னால் வந்து, தெரு வெறிச்சோடிக் கிடக்கும்போது அளந்துவிட்டுப் போயிருக்கிறான். பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

வாரம் மூன்று வகுப்பு எடுக்கும் கல்லூரியில் ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர் இருக்கிறது. எந்த அலைவரிசையில் எவ்வளவு அலை வருகிறது என்று பிரித்துக் காட்டும் கருவி. துறைத்தலைவர் அதற்குத் துணி போர்த்தி வைத்திருக்கிறார். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைப்பதற்கு மட்டும் துணி விலகும். பொட்டு இன்னும் திரையின் ஓரத்தில் இருக்கிறது. மாணவர்களுக்குச் செய்முறை விளக்கம் என்று சொல்லி எடுத்து வந்தேன். "பத்திரம் சார், பத்திரம்" என்று பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். இந்த ஆள் நேர்முகத் தேர்வில் என்னிடம் பள்ளிக்கூடப் பாடமான ஓம் விதியைக் கேட்டவர்.

ஜூன் 7, சனி

கையில் கருவியைப் பிடித்து எவ்வளவு காலமாயிற்று. மூன்று கால் மர டிரைபாடை விரித்து, அதன் தலையில் ஆன்டெனாவைப் பொருத்தி, ஆள் உயரத்துக்கு ஏற்றியபோது முதுகு நிமிர்ந்துகொண்டது.

இடம்: அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடி. டவரின் வெள்ளைப் பெட்டி எதிரே நேராகப் பார்க்கிறது. கோமதி மோர் கொண்டுவந்தாள். மென்பொருள் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மோரை வைத்துவிட்டுப் போகாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த மேடு மேடா இருக்கது என்ன மாமா?"

ஒவ்வொரு மேடும் ஒரு கம்பெனிக்கு ஒதுக்கிய அலைவரிசை என்றேன். எதிரே இருக்கும் டவருக்கு உரியது எது என்று காட்டினேன். அதை மட்டும் தனியே பிடித்து அளந்தால் வேறு எதுவும் கணக்கில் சேராது.

முதலில் சும்மா அளந்தேன். நூறில் ஒரு பங்குகூட இல்லை. நான் எதிர்பார்த்ததுதான். பிறகு டவருக்கு வேலை கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு போன் இடைவிடாமல் தகவலை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். என்னிடம் இருந்த பெரிய கோப்பு மச்சினன் மகளின் கல்யாண வீடியோதான். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் முதல் தூரத்துச் சித்தப்பா வரை எல்லோர் பெயரும் இருந்தது, என் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போயிற்று என்றார்கள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. வீடியோவை மட்டும் செண்பகம் என் போனில் ஏற்றி வைத்திருக்கிறாள். அதை ஏற்றி இறக்க விட்டு, மாடியில் வைக்க வேறு இடம் இல்லாததால் போனை டிரைபாடின் காலிலேயே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். சென்னைக் கம்பெனி நாட்களிலும் அப்படித்தான் செய்வோம். உச்ச அளவைப் பிடித்து வைக்கும் பொத்தானை அழுத்தினேன்.

கோடு எழும்பியது. எழும்பிக்கொண்டே போயிற்று. வரம்பில் நூறில் தொண்ணூறு.

கோமதி பக்கத்தில் நின்றிருந்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். அவளைக் கீழே போகச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. இருக்காது.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணாச்சி தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். என் பெயர், எம்.இ., முன்னாள் களப் பிரிவுத் தலைவர், இருபது வருட அனுபவம், எல்லாம் தடித்த எழுத்தில். கம்பெனி அறிக்கை பொய், உண்மை அளவு தொண்ணூறு என்று. நான் போடச் சொல்லவில்லை. பட்டங்களை மட்டும் சரிபார்த்துக் கொடுத்தேன்.

பால்காரர் முதல் முறையாக எனக்கு வணக்கம் சொன்னார். செண்பகம் செய்தியை இரண்டு தடவை படித்தாள்.

"தொண்ணூறுன்னா வரம்புக்குள்ளதான இருக்கு? பின்ன ஏன் எல்லாரும் தாண்டிட்டுன்னு பேசுதாங்க?" என்றாள்.

பொதுமக்களுக்கு அப்படித்தான் புரியும் என்றேன். "நீங்க புரிய வைக்கலாம்லா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஜூன் 9, திங்கள்

எஸ்தர் சிஸ்டர் வந்தார். டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தார், வெள்ளைச் சேலை கசங்கியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தெருவில் யாருக்குச் சர்க்கரை ஊசி போட வேண்டுமானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லையாம். கோமதிக்கு வாராவாரம் ரத்த அழுத்தம் பார்த்தவர் அவர்தான். இன்று போனபோது அண்ணாச்சி வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார்.

"சார், எனக்கு நம்பர் எல்லாம் புரியாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போன வருசம் அந்தப் பிள்ளைக்கு அப்பிடி ஆனது டவரு என் மாடியில நிக்கதாலயா? ஆமான்னா ஆமான்னு சொல்லிருங்க. அந்தப் பிள்ள முகத்துக்கு எதிர்த்தாப்புல என்னால குடியிருக்க முடியாது. மாறுதல் கேட்டு எழுதிக் குடுத்துருவேன்."

அளவு அதிகமாக இருக்கிறது, அதற்கு மேல் சொல்வது மருத்துவர்களின் வேலை என்றேன். நாகரிகமான பதில். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

சங்கக் கூட்டம், பம்ப் ரூம் வாசலில். என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். தெருவிளக்கு, டார்ச் லைட் உவமை எல்லோருக்கும் புரிந்தது. பாதிப் பேர் பேச்சைப் போனில் நேரலையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள், டவருக்கு எதிரான கூட்டத்தை அந்த டவர் வழியாகவே. யாருக்கும் அது உறைக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எஸ்தர் சிஸ்டர் கடைசி வரிசையில் நின்றிருந்தார். நடுவில் கையைத் தூக்கி, கம்பெனிக்காரர்களிடம் சொல்லிவிட்டதாகவும் இன்றே அணைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். யாரும் அதற்கு நன்றி சொல்லவில்லை. சாயங்காலம் ஆட்கள் வந்து டவரை அணைத்துவிட்டுப் போனார்கள்.

வேலாயுதம் இதைக் கேள்விப்பட்டிருப்பான்.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்குள் போனில் சிக்னல் எடுப்பதில்லை. செண்பகம் கொல்லையில் நின்று பேசுகிறாள். தெருவில் பாதிப் பேர் மாடியில்.

ஜூன் 14, சனி

காலையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தபோது கோமதி வந்தாள். டவரை அணைத்ததிலிருந்து அவளுக்கு மாடியில் மட்டும்தான் இணைப்பு கிடைக்கிறது. நாள் முழுக்க அங்கே குடைக்குக் கீழே உட்கார்ந்து, போனை மடியில் வைத்து, அதிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்புக் கொடுத்து வேலை செய்கிறாள்.

"மாமா, ஒரு சந்தேகம். முன்னால போன் இப்பிடிச் சுடாது. இப்ப மடியில வைக்க முடியல, அவ்வளவு சூடு. சார்ஜும் மத்தியானத்துக்குள்ள தீந்துருது. டவர்தான் இல்லையே, பின்ன ஏன்?"

நல்ல கேள்வி. என் வகுப்பில் இருக்கும் அறுபது பேரில் ஒருவன்கூட இப்படிக் கேட்டதில்லை. பாதி உரித்த தேங்காயை அப்படியே போட்டுவிட்டு அனலைசரை எடுத்துக்கொண்டு போனேன். அதே மாடி, அதே இடம், அதே உயரம், அதே கல்யாண வீடியோ. எதிரே டவர் செத்துக் கிடக்கிறது. போன் இப்போது எங்கோ மேம்பாலத்துப் பக்கம் இருக்கும் டவரைப் பிடித்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வருவது ஒன்றுமே இருக்கக்கூடாது.

தொண்ணூறு இல்லை. வரம்பைத் தாண்டிவிட்டது.

மூன்று தடவை எடுத்தேன். கேபிளை மாற்றிப் பார்த்தேன். துறைத்தலைவர் பொட்டு வைத்ததில் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அணைத்த டவரிலிருந்து அலை எப்படி வரும்? சாப்பிடும்போதும் அதே யோசனை. தட்டில் என்ன இருந்தது என்று செண்பகம் கேட்டாள், சொல்லத் தெரியவில்லை.

இதை எழுதும்போது ஒன்று கவனிக்கிறேன். நேற்று வரை எனக்கு விடை தெரியும். இன்று தெரியவில்லை. இன்றுதான் நன்றாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

தெரியாத எண்ணிலிருந்து போன். கொல்லைக்குப் போய் எடுத்தேன்.

"சார், வேலாயுதம் பேசுறேன். நல்லா இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன்.

"உங்க தெரு மெசேஜ் சுத்திச் சுத்தி எனக்கு வந்துச்சு. சண்டைக்குக் கூப்பிடல சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். லோடு போட்ட போனு எங்க இருந்துச்சு?"

"எதுக்கு?"

"நாங்க எடுத்தப்ப எதிர்மூலையில தண்ணித் தொட்டி மேல வச்சோம். அதான் கேட்டேன்."

எனக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு துளசிச் செடிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அப்படியானால் அவன் சும்மா அளக்கவில்லை. லோடு போட்டு, அதாவது டவருக்கு வேலை கொடுத்துத்தான் அளந்திருக்கிறான். அதை அறிக்கையில் எழுதித் தொலைத்திருக்கலாம். எழுத்தில் அவன் எப்போதும் சோம்பேறி.

ஜூன் 16, திங்கள்

வகுப்புக்கு விடுப்பு சொல்லிவிட்டு அண்ணாச்சி மாடிக்குப் போனேன். இந்தத் தடவை போனை டிரைபாடின் காலில் கட்டாமல், எடுத்துப் போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். திரையைப் பார்க்க முதலில் மனம் வரவில்லை.

கோடு தரையில் கிடந்தது. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

போனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன், ஏறியது. எடுத்துப் போனேன், இறங்கியது. சிறுபிள்ளை மாதிரி மாடியில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தேன். நான் டவர் டவர் என்று அளந்தது என் போனை. மச்சினன் வீட்டுக் கல்யாணத்தை என் போன் மேலே அனுப்பிக்கொண்டிருந்தது, நான் அதை ஒரு சாண் தூரத்தில் வைத்து அளந்திருக்கிறேன்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதையும் எழுதி வைக்கிறேன். நான் வேலை பார்த்த காலத்து நெட்வொர்க்கில் டவர் பேச ஓர் அலைவரிசை, போன் பேச வேறு அலைவரிசை. டவருடையதை மட்டும் பிடித்து அளந்தால், போன் கருவிக்கு மேலேயே உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் வராது. அதனால்தான் டிரைபாடில் கட்டும் பழக்கம். இந்தப் புதிய பெட்டியில் டவரும் போனும் ஒரே அலைவரிசையில் பேசுகின்றன, நொடியைத் துண்டு துண்டாக நறுக்கி, இது கொஞ்சம் அது கொஞ்சம் என்று மாறி மாறி. என் கருவிக்கு யார் பேசுவது என்று தெரியாது. பக்கத்தில் இருப்பது யாரோ அதன் குரலைத்தான் கேட்கும்.

அணைத்த பிறகு அளவு கூடியதற்கும் இதுதான் காரணம். பக்கத்து டவர் இருந்தால் போன் மெல்லப் பேசும். தூரத்து டவர் என்றால் கத்தும். கோமதியின் மடியில் சுட்டது அந்தக் கத்தல். அதோடு நான் பிடித்தது நொடிப்பொழுது உச்சம். சராசரிதான் எடுத்திருக்க வேண்டும். அதுவும் தப்பு.

எவ்வளவு அழகான ஏற்பாடு இது. ஒரே பாதையில், ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல், ஆயிரக்கணக்கான துண்டுகளாக. இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் உறைக்கவில்லை.

பிறகு எஸ்தர் சிஸ்டர் மாடியில் அணைந்து நிற்கும் பெட்டி கண்ணில் பட்டது.

ஜூன் 17, செவ்வாய்

சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். செண்பகத்தின் சேலைக்கும். கேட்காமலே போட்டதால் என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எஸ்தர் மாறுதலுக்கு எழுதிக் குடுத்துட்டாளாம், தெரியுமா?" என்றாள்.

ஜூன் 18, புதன்

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். தாசில்தாராக இருந்தவர், மனுதாரர் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்கும் பழக்கம் இருக்கிறது. முடித்ததும், அந்தக் கம்பெனிக்காரன் உங்களுக்குப் போன் பண்ணினானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

"சரி தம்பி. புரியுது" என்றார்.

என்ன புரிந்தது என்று கேட்டேன். செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அவருக்கு நான் விலைபோய்விட்டேன். இருபது வருடத்தில் ஒரு கம்பெனி காப்பிகூட நான் குடித்ததில்லை. இந்த மனிதர் முந்தாநாள் வரை என்னைத் தெருவின் பெருமை என்றவர். இதை மறக்க மாட்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து கோமதி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தெருமுனை வரை என் பின்னாலேயே வந்துவிட்டாள். கண்ணைத் துடைத்த அடையாளம் இருந்தது, ஆனால் குரல் நேராக இருந்தது.

"காரணம் டவர் இல்லைன்னு நீங்க எழுதப் போறீயளா மாமா?"

எழுத வேண்டும் என்றேன்.

"எழுதுங்க. ஆனா டவர் இல்லைன்னா அடுத்தது என் போனு. போனுன்னா அது நான். நான் மடியில வச்சு வேல பாத்ததாலதான் போச்சுன்னு நாளைக்கே அத்தை சொல்லுவா. அதுக்கும் சேத்து எழுதுங்க. எழுத முடியலன்னா எதையுமே எழுதாதீய."

நான் எதிர்பார்க்காத இடம் இது. எஸ்தர் தலையிலிருந்து எடுக்கும் பழி காற்றில் நிற்காது, இன்னொரு தலையைத் தேடும். என்ன எழுதினால் அது யார் தலையிலும் இறங்காது?

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். என் நிலையில் ஒரு மனிதன் நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: போனுக்கு அளவுகோலே வேறு. உடம்பு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து, அதற்குத் தனி வரம்பு வைத்துத்தான் விற்க விடுகிறார்கள். டிரைபாடில் கட்டி நான் எடுத்த எண் அந்தக் கணக்கில் செல்லாது. ஐந்தாம் மாதத்தில் கரு ஏன் கலைந்தது என்பதற்கு என் கருவியில் எந்த அலைவரிசையிலும் பதில் இல்லை.

ஜூன் 21, சனி

எஸ்தர் சிஸ்டரைப் பார்க்கப் போனேன். டவரை இரண்டு மணி நேரம் மட்டும் போடச் சொல்ல முடியுமா, சரியாக ஒரு தடவை அளக்க வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கம்பெனிக்காரர்களுக்குப் போன் செய்தார். ஆட்கள் வந்தார்கள்.

அண்ணாச்சி வீட்டு மாடிக்கு இனி நான் போக முடியாது. பக்கத்து வீட்டு மாடி கிடைத்தது, அதே உயரம், பெட்டி அதே மாதிரி நேரே பார்க்கிறது. போனைத் தூரத்தில் வைத்தேன். கோமதி தங்கள் மாடியில் தன் போனையும் ஓடவிட்டு உதவினாள், மாமனார் தூங்கும் நேரம் பார்த்து. ஆறு நிமிடச் சராசரி எடுத்தேன், திரும்பத் திரும்ப. சிஸ்டர் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூறில் நாலுக்குக் கொஞ்சம் கீழே.

வேலாயுதத்தின் அறிக்கையில் இருந்த எண்.

"அன்னைக்கு நீங்க கேட்டீங்களே சிஸ்டர். இல்ல. இதுனால இல்ல" என்றேன்.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அன்னைக்கே சொல்லிருக்கலாமே சார்" என்றார்.

அன்றைக்கு எனக்குத் தெரியாது என்றேன். உண்மைதான். தெரியாது என்பதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாறுதல் மனுவைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமைக்குள் வாங்கலாமாம். "ஆனா தெருவுல ஒரு ஆளு என் வீட்டுக் கேட்டத் தொறக்கணும்ல சார். நான் மட்டும் தெரிஞ்சு என்ன செய்ய?" என்றார். எழுதிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலிருந்து எழுதுகிறேன். ஒரே பக்கம்தான்.

முதல் பத்தியில், ஏழாம் தேதி எடுத்த அளவு தவறு, அது டவரின் அளவே இல்லை, டிரைபாடில் கட்டிய போனின் அளவு என்று எழுதினேன். அடுத்ததில், சரியாக எப்படி அளப்பது: போன் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு நேரம், எந்தச் சராசரி. யாரும் வேறு ஆளைக் கூட்டிவந்து எடுத்துப் பார்க்கலாம். அடுத்து, டவரை அணைத்த நாட்களில் தெருவில் ஒவ்வொரு போனும் முன்னைவிட உரக்கக் கத்தியது என்பது. பிறகு கோமதி கேட்டது. அவள் பெயர் இல்லாமல், எந்த வீடு என்று தெரியாமல், டவரோ போனோ எவருடைய இழப்புக்கும் காரணம் என்று இந்த அளவுகளில் எதுவும் சொல்லவில்லை, அப்படிச் சொல்பவர் அளக்காமல் சொல்கிறார் என்று எழுதினேன். அந்தப் பத்தியை மட்டும் கோமதிக்குப் படித்துக் காட்டினேன். "அளக்காமல்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொன்னாள். போட்டேன்.

கடைசியாக ஒரு வரி: கம்பெனி அறிக்கையில் சு. வேலாயுதபெருமாள் எடுத்த அளவு சரி. மற்ற வரிகள் காப்பி நேரத்துக்குள் முடிந்துவிட்டன. இந்த வரி மத்தியானம் வரை இழுத்தது. "ஏறத்தாழ சரி" என்று எழுதிப் பார்த்தேன். "முறை விளக்கப்படாவிட்டாலும்" என்று முன்னால் சேர்த்துப் பார்த்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் போட்டால் அனுப்பியவர் பெயர் தானாக வந்துவிடும். அதனால் தாளில் அச்செடுத்தேன். பம்ப் ரூம் சுவரில் சங்கத்தின் பலகை இருக்கிறது.

செண்பகம் தாளை வாங்கிப் படித்தாள். அடியில் வெறுமையாக இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"போன தடவ பட்டம் பதவி எல்லாம் கொட்டை எழுத்துல இருந்துச்சு. இதுல ஒண்ணையும் காணோம்?"

பெயரைப் பார்த்தால் ஜனங்கள் ஆளைப் பற்றித்தான் பேசுவார்கள், அளவைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்றேன். வேலாயுதத்திடம் காசு வாங்கினேன் என்பார்கள், எஸ்தருக்கும் அது உதவாது என்றேன். எல்லாம் சரியான காரணங்கள்.

"இந்தத் தெருவுல அலைய அளக்க ஆளு உங்கள விட்டா வேற யாரு இருக்கா? எல்லாருக்கும் தெரியத்தான் போவுது" என்றாள்.

தெரியட்டும். தெரிவது வேறு. என் பெயரை அடியில் போட்டால் அந்தக் கடைசி வரி வேலாயுதத்திடம் நான் கேட்கும் மன்னிப்பு ஆகிவிடும். பெயர் இல்லாவிட்டால் அது ஓர் அளவு, அவ்வளவுதான். அளவைச் சொல்ல என்னால் முடிகிறது.

பசை காய்ச்சி வைத்துவிட்டேன். நாளை காலையில், பால்காரர் வருவதற்கு முன்னால், போய் ஒட்டிவிட்டு வரப் போகிறேன். பெயர் போடவில்லை.